டயர் அளவை மாற்றும் முன் ஸ்பீடோமீட்டர் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி

புதிய டயர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "அதே அளவு போடலாமா, கொஞ்சம் அகலமாகப் போடலாமா?" என்பதுதான். அகலமான டயர் என்றால் பெரிய டயர் என்றே நாமும் எடுத்துக்கொள்கிறோம். மாருதி ஸ்விஃப்டில் 165/80 ஆர் 14 டயரைக் கழற்றிவிட்டு, எளிதில் கிடைக்கிறது என்பதற்காக 175/65 ஆர் 14 போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அகலம் 10 மி.மீ. கூடியது உண்மை. ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் 36.5 மி.மீ. குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு மீட்டர் முன்னைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதலாகக் காட்டுகிறது; வண்டி ஓடாத தூரமும் ஓடோமீட்டரில் ஏறிக்கொண்டே போகிறது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் மூன்று எண்களையும் ஒரு பேனாவையும் வைத்துக்கொண்டு இதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

மீட்டர் எதை எண்ணுகிறது

ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. அது சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது. பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுழன்று முள்ளை நகர்த்தியது. பிறகு அதே இடத்தில் மின்துடிப்பு அனுப்பும் சென்சார் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானதால், இன்று பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. வண்டியின் கணினி அங்கிருந்து வரும் துடிப்புகளைக் கொண்டே வேகத்தைக் கணக்கிடுகிறது. எந்த முறையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி இவ்வளவு தூரம் நகரும் என்று தொழிற்சாலையில் ஓர் எண்ணைப் பதித்திருக்கிறார்கள். டயரை மாற்றும்போது உண்மையில் நகரும் தூரம் மாறுகிறது. பதித்த எண் மாறுவதில்லை.

165/80 ஆர் 14 டயரின் வெளிவிட்டம் 619.6 மி.மீ. வண்டியின் பாரத்தில் ரேடியல் டயர் சற்று அமுங்குவதால், அது ஒரு சுற்றில் உருளும் தூரத்தைக் கணக்கிட, விட்டத்தை 3.14 ஆல் பெருக்காமல் 3.05 ஆல் பெருக்குவது டயர் துறையின் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.89 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 529 சுற்றுகள். 175/65 ஆர் 14 டயரோ ஒரு கிலோமீட்டருக்கு 562 முறை சுற்றியாக வேண்டும். 529 சுற்றுகளையே ஒரு கிலோமீட்டர் என்று நம்பியிருக்கும் கணினி, அந்த 562 சுற்றுகளை 1.06 கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்கிறது.

வெளிவிட்டத்தைக் கணக்கிடும் முறை

டயரில் உள்ள முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரமாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் இருக்கும். பக்கச்சுவரின் உயரம் தனியாக எழுதப்படாமல் அகலத்தின் விழுக்காடாக எழுதப்படுவதால்தான் இத்தனை குழப்பமும் வருகிறது. 185/65 என்பதில் உள்ள 65 மில்லிமீட்டர் அல்ல. 185 இல் 65 விழுக்காடு, அதாவது 120.25 மி.மீ.

எனவே முதலில் அகலத்தை விழுக்காட்டு எண்ணால் பெருக்கி 100 ஆல் வகுக்க வேண்டும். ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவரும் கீழே ஒரு பக்கச்சுவரும் இருப்பதால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். ரிம் எண்ணை 25.4 ஆல் பெருக்கினால் மி.மீ. கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் வெளிவிட்டம். 185/65 ஆர் 15 டயருக்கு, 15 ஐ 25.4 ஆல் பெருக்கினால் 381. இரண்டு பக்கச்சுவர்கள் 240.5, மொத்தம் 621.5 மி.மீ.

2018 இல் வெளிவந்த ஸ்விஃப்டில் கீழ்வகைகளுக்கு 165/80 ஆர் 14, மேல்வகைகளுக்கு 185/65 ஆர் 15 என இரண்டு அளவுகள் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ரிம் ஒரு அங்குலம் வேறுபட்டும் அகலம் 20 மி.மீ. வேறுபட்டும், வெளிவிட்டத்தில் உள்ள வேறுபாடு 1.9 மி.மீ. மட்டுமே, விழுக்காட்டில் 0.3. தயாரிப்பாளர் எதை மாற்றாமல் காப்பாற்றுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் குட்டையாக வேண்டும் என்பதே அலாய் வீல் மாற்ற விரும்புகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி.

அதே 619.6 மி.மீ. அடிப்படையோடு, கடைகளில் பரிந்துரைக்கப்படும் வேறு சில அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 185/70 ஆர் 14 டயரின் வெளிவிட்டம் 614.6 மி.மீ.; 20 மி.மீ. அகலம் கூடியும் விட்டம் 0.8 விழுக்காடு குறைகிறது. 195/60 ஆர் 15 டயருக்கு 615 மி.மீ., கிட்டத்தட்ட அதே குறைவு. 205/60 ஆர் 15 டயரில் 627 மி.மீ., அதாவது 1.2 விழுக்காடு கூடுதல். 195/65 ஆர் 15 டயரில் 634.5 மி.மீ., 2.4 விழுக்காடு கூடுதல். இவற்றில் 195/60க்கும் 195/65க்கும் எழுத்தில் ஓர் எண்தான் வேறுபடுகிறது. சாலையில் ஒன்று மீட்டரை ஒரு பக்கமும் மற்றொன்று எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. பில் போடும்போது அந்த எண்ணை ஒரு முறை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது நல்லது.

விட்டத்தின் மாற்றத்தை வேகமாக மாற்றுதல்

புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து வரும் எண்ணை மீட்டர் காட்டும் வேகத்தோடு பெருக்க வேண்டும். 195/65 ஆர் 15 டயருக்கு அந்த எண் 1.024. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102.4 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 175/65 ஆர் 14 டயருக்கு அது 0.941, மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 94 கி.மீ. பெரிய டயரில் மீட்டர் குறைத்துக் காட்டும், சிறிய டயரில் கூட்டிக் காட்டும் என்று மனத்தில் பதிய வைத்துக்கொண்டால், கணக்கில் தலைகீழாகப் பெருக்கிவிட்டாலும் தவறு உடனே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. சிறிய டயரால் வரும் தவறு எரிச்சலூட்டும். ஆனால் நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்போம். பெரிய டயரால் வரும் தவறு நம்மை அறியாமலே வேக வரம்பைக் கடக்க வைக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி எழுகிறது. 120 ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கிறது. அந்த ஒலியும் இதே துடிப்புகளை நம்பித்தான் எழுகிறது. வாடகை வண்டிகளில் 80 கி.மீ. வேகத்துக்குக் கட்டி வைக்கப்பட்ட வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் அப்படியே. மஹிந்திரா தாரில் 255/65 ஆர் 18 டயரைக் கழற்றி 285/70 ஆர் 17 போடுவது கரடுமுரடான பாதைகளில் ஓட்ட விரும்புவோரிடையே உள்ள வழக்கம். விட்டம் 788.7 இலிருந்து 830.8 மி.மீ. ஆகிறது, 5.3 விழுக்காடு. மீட்டரில் எதைப் படித்தாலும், அதே மீட்டர் முன்பு அந்த எண்ணைக் காட்டியபோது ஓடிய வேகத்தைவிட 5.3 விழுக்காடு கூடுதலாக வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

தொழிற்சாலை மீட்டரே சற்றுக் கூட்டித்தான் காட்டும்

மேலே உள்ள கணக்கில் ஒரு குறை இருக்கிறது. பழைய டயரோடு மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்களில் அப்படி இல்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் எண் விதிமுறையின்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மையில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியின் மீட்டர் 92 வரை காட்டலாம். 79 காட்டக் கூடாது. டயரின் தேய்மானம், காற்றழுத்தம், ஒரே அளவிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் இருக்கும் சில மி.மீ. வேறுபாடு ஆகியவற்றுக்கெல்லாம் இடம் விட வேண்டியிருப்பதால், தயாரிப்பாளர்கள் மீட்டரைச் சில விழுக்காடு கூட்டியே அமைக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட சிலர், பெரிய டயர் போட்டால் மீட்டர் சரியாகிவிடும் என்று வாதிடுகிறார்கள். மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 95 ஓடிய தாரில், 285/70 ஆர் 17 போட்ட பிறகு 95 ஐ 1.053 ஆல் பெருக்கினால் 100 வருகிறது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஓடோமீட்டரை மறந்துவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டிக் காட்டும் அந்தச் சில விழுக்காடு பொதுவாகத் தூரத்தில் சேர்க்கப்படுவதில்லை. ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும் வண்டியிலும் ஓடோமீட்டர் பெரும்பாலும் உண்மையை ஒட்டியே இருக்கும். முள்ளைச் சரிசெய்யப் பெரிய டயர் போட்டால், சரியாக இருந்த ஓடோமீட்டர் கெட்டுப்போகிறது. 10,000 கி.மீ. என்று காட்டும்போது வண்டி 10,530 கி.மீ. ஓடியிருக்கும், ஆயில் மாற்றும் தவணை அவ்வளவு தள்ளிப்போகும். விதி விட்டு வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியும் முழுவதும் செலவாகிவிடுகிறது.

மைலேஜ் பற்றிய ஏமாற்றமும் இங்கிருந்துதான் வருகிறது. என் காருக்கு 195/65 ஆர் 15 போட்ட பிறகு, டேங்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்துவிட்டது. டயரைப் பரிந்துரைத்த கடையில் கேட்டபோது, புது டயர் பழகினால் சரியாகும் என்றார்கள். பிறகுதான் கணக்குப் போட்டேன். 400 கி.மீ. ஓடினால் மீட்டர் 390.6 என்று காட்டும். 20 லிட்டரால் வகுத்தால் 20 வர வேண்டிய இடத்தில் 19.5 வரும். காணாமல் போன அரை கிலோமீட்டர் பெட்ரோலில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. சிறிய டயர் போட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, இல்லாத மைலேஜ் கிடைத்ததுபோல் தோன்றும். பழைய கார் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள்: 165/80 போட வேண்டிய வண்டியில் முதலிலிருந்தே 175/65 போடப்பட்டிருந்தால், மீட்டரில் உள்ள 60,000 கி.மீ. உண்மையில் ஏறத்தாழ 56,500 தான்.

உங்கள் வண்டியில் அளந்து பார்ப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், உங்கள் மீட்டரின் சொந்தப் பிழை உங்களுக்குத் தெரியாதவரை அது பாதிதான். ஆகவே டயரை மாற்றும் முன்பு ஒரு முறையும் மாற்றிய பின்பு ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டு முறையும், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் குறிப்பிட்டுள்ள காற்றழுத்தத்தை, டயர் சூடேறும் முன் சரிபார்க்க வேண்டும்.

எளிய வழி, கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். வேகச் செயலி. திறந்த வானமுள்ள, நேரான, மேடு பள்ளமற்ற சாலையில், மீட்டர் முள்ளை ஒரே எண்ணில் குறைந்தது 15 விநாடிகள் நிறுத்தி வைக்க வேண்டும். வேகம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருக்கும்போது ஜி.பி.எஸ். சற்றுப் பின்தங்கியே காட்டும். மேம்பாலத்தின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அது நம்பத்தக்கதல்ல. கைபேசியை உடன் வருபவர் படிக்க வேண்டும். ஓட்டுகிறவர் சாலையையும் முள்ளையும் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. 60, 80, 100 ஆகிய மூன்று வேகங்களில், சாலையின் வரம்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், எழுதிக்கொண்டால் போதும். மீட்டர் 60 க்கு 57, 80 க்கு 76, 100 க்கு 95 என்று வந்தால் உங்கள் மீட்டரின் எண் 0.95. அதை 195/65 டயருக்கான 1.024 ஓடு பெருக்கினால் 0.973, மாற்றிய பிறகும் மீட்டர் பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

கைபேசியை நம்பாதவர்களுக்கு நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நாற்கரச் சாலை போன்ற ஓர் இடத்தில், அதிகாலைப் போக்குவரத்தில், வேகத்தை மாற்றாமல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஆகும் விநாடிகளை உடன் வருபவர் எண்ணட்டும். 3,600 ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம். 45 விநாடிகள் என்றால் 80 கி.மீ.; 60 விநாடிகள் என்றால் 60 கி.மீ. சாலையை விரிவாக்கும்போது கற்கள் சற்று இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் ஒரு கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓடோமீட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை: பயணத் தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கி 20 கற்களைக் கடந்து, அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 19.5 காட்டினால் உங்கள் டயர் ஏறத்தாழ 2.6 விழுக்காடு அதிகமாக உருளுகிறது.

மூன்றாவது வழி வீட்டு வாசலிலேயே முடியும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, ஐந்து சுற்றுகள் நேராகத் தள்ளி, மறுபடி தரையில் கோடு போட்டு டேப்பால் அளக்க வேண்டும். 165/80 ஆர் 14 டயருக்கு ஏறத்தாழ 9.4 மீட்டர் வரும். பழைய டயரின் நீளத்தையும் புதிய டயரின் நீளத்தையும் ஒப்பிட்டால், காகிதக் கணக்கைவிட நம்பகமான விழுக்காடு கிடைக்கும். ஆனால் மொட்டையாகிவிட்ட டயரோடு புதிய டயரை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. புதிய டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழமுள்ள வரிப்பள்ளங்கள், சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ.க்கு மேல் குறைகிறது. அளவை மாற்றாமல் அதே டயரைப் புதிதாகப் போட்டாலும் மீட்டர் சற்று நகரத்தான் செய்யும்.

எவ்வளவு மாறலாம்

பழைய விட்டத்திலிருந்து 3 விழுக்காடு வரை விலகலாம் என்பது டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. என் கருத்தில் கூடும் பக்கம் 2 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. தாண்டுவதானால் மேலே சொன்னபடி மீட்டரின் சொந்தப் பிழையை அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். நான் போட்ட 2.4 விழுக்காட்டை இன்று மறுபடி போட மாட்டேன். மீட்டர் மட்டுமல்லாமல், டயர் சக்கர வளைவில் உரசுகிறதா, பாரக் குறியீடு தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். டயரில் 88 என்று இருந்தால் அது 560 கிலோ வரை தாங்கும்; 85 என்றால் 515 கிலோ. நான்கு சக்கரங்களிலும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போட்டால், ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுவதைக் கண்டு ஏ.பி.எஸ். கணினி அதை வழுக்கலாகப் புரிந்துகொள்ளக்கூடும். பழைய அளவிலேயே நிற்கும் ஸ்டெப்னியைப் போட்டு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

இரு சக்கர வாகனங்களில் கேள்வி சற்று வேறு: மீட்டர் எந்தச் சக்கரத்தை எண்ணுகிறது? கேபிள் முன்சக்கரத்திலிருந்து மேலே செல்லும் ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில், பின்டயரை 80/100-18 இலிருந்து 100/90-18 ஆக மாற்றினாலும் மீட்டர் அசையாது. அதே டயரை முன்னால் போட்டால் 3.1 விழுக்காடு குறைத்துக் காட்டும். கியர்பாக்ஸிலிருந்தோ பின்சக்கரத்திலிருந்தோ எண்ணும் வண்டிகளில் இது தலைகீழ்.

பெரிய டயர்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், சில கார்களின் கணினியில் டயரின் சுற்றளவைக் குறிக்கும் எண்ணைச் சர்வீஸ் மையத்தின் கருவியால் மாற்ற முடியும். வண்டியை எடுத்துச் செல்லும் முன் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேபிளில் ஓடும் பழைய வண்டிகளில் கேபிளைச் சுழற்றும் சிறிய பற்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கையுள்ளதாக மாற்றுவார்கள். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள், மாற்றிய நாளில் ஓடோமீட்டர் காட்டிய எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியோடும், புதிய டயரின் அளவோடும், பெருக்க வேண்டிய எண்ணோடும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு, அந்த நாளுக்குப் பின் மீட்டரில் ஏறிய கிலோமீட்டர்களை மட்டும் அந்த எண்ணால் பெருக்கிக்கொண்டால், வண்டி உண்மையில் ஓடிய தூரம் கிடைத்துவிடும்.